முதியவருக்கு ஃப்ளூ என்றால் நேற்று எப்படி இருந்தார் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் மழை தொடங்கியதிலிருந்து ஃப்ளூ காய்ச்சல் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. முகக்கவசம் அணிவது, கை கழுவுவது, கூட்டத்தைத் தவிர்ப்பது ஆகிய அறிவுரைகளும் அவற்றோடு வருகின்றன. அவை அனைத்தும் தேவையானவை. ஆயினும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த நோய் வந்து சேரும் விதமே வேறு என்பதையும், அந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுவதால்தான் பலர் தாமதமாக மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள் என்பதையும் எடுத்துச் சொல்லும் செய்தி எதையும் இதுவரை நான் படிக்கவில்லை. இந்நகரின் அரசு மருத்துவமனை ஒன்றில், பொது மருத்துவ வார்டில் 29 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். என் தாயாருக்கு இதே நோய் வந்தபோது அதை அடையாளம் காண ஒன்றரை நாள் தவறவிட்டவளும் நானே. இந்த இரண்டு காரணங்களாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆவணி மாதத்தில் நடந்தது இது. பள்ளிக்கூடத்திலிருந்து சளியும் இருமலுமாக வந்த என் பேரன் மூன்று நாளில் எழுந்து ஓடத் தொடங்கிவிட்டான். அப்போது அம்மாவுக்கு 79 வயது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. மூட்டு வலிக்கு இரவில் பாராசிட்டமால் போட்டுக்கொள்வார். அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் முனையில் உள்ள பால் கடைக்கு 19 ஆண்டுகளாக ஒரு நாள் தவறாமல் காலையில் அவரேதான் போய்வருவார். அன்றைக்கும் போனார். கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்து, "கடையைக் காணோம்டி" என்றார். நான் சிரித்துவிட்டு, நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரையும் வைத்தேன். 99.2 டிகிரி காட்டியது. காய்ச்சல் இல்லை, சரியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்று எண்ணிக்கொண்டு நானே போய்ப் பால் வாங்கி வந்தேன்.

கோவிட் காலத்தில் வீட்டில் எல்லோருடைய உடல் வெப்பத்தையும் தினமும் அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தோம். அம்மாவுடைய வெப்பம் 97 டிகிரியைத் தாண்டியதாக அதில் ஒரு நாள்கூட இல்லை. அந்த நோட்டை நான் எடுத்துப் பார்த்தது மறுநாள் மாலையில்தான். முதியோர் இல்லங்களில் தங்கியிருப்போருக்காக வகுக்கப்பட்ட மருத்துவ வரையறைகளில், வாய் வழியாக அளக்கும்போது ஒரே முறை 100 டிகிரியைத் தாண்டினாலோ, அவரவருடைய வழக்கமான அளவிலிருந்து 2 டிகிரிக்கு மேல் உயர்ந்தாலோ அது காய்ச்சலாகக் கருதப்படுகிறது. வயது கூடக் கூட உடலின் அடிப்படை வெப்பம் குறைந்துபோகிறது. கிருமியை எதிர்த்து வெப்பத்தை எழுப்பும் திறனும் குறைகிறது. போதாததற்கு இரவில் போட்ட வலி மாத்திரையும் வெப்பத்தைத் தணித்துவிடுகிறது. ஆகவே அம்மாவின் 99.2 டிகிரி, அவரைப் பொறுத்தவரை காய்ச்சல்தான். 29 ஆண்டுகள் தெர்மாமீட்டரும் கையுமாக இருந்த எனக்கே அந்த நேரத்தில் அது தோன்றவில்லை என்றால், மருத்துவப் பயிற்சி இல்லாத மகனோ மருமகளோ கவனிக்கவில்லை என்று குறை சொல்ல நான் யார்?

முதியவர்களில் பலருக்கு ஃப்ளூ வரும்போது காய்ச்சல், தொண்டை வலி, உடல்வலி என்ற வரிசையில் அது வருவதில்லை. நேற்றுவரை தானாக எழுந்து குளித்தவர் இன்று கட்டிலை விட்டு இறங்க மறுப்பார். தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். நள்ளிரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்திருப்பார். ஒரு நாளும் படுக்கை நனைக்காதவர் நனைத்திருப்பார். பகலெல்லாம் தூங்கி, இரவில் விழித்துக்கொண்டு, எப்போதோ இறந்துபோன தம்பியைக் கூப்பிடுவார். வீட்டில் உள்ளவர்கள் இவற்றை "வயசாயிடுச்சு" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். ஒரே நாளில் எவருக்கும் வயதாகிவிடுவதில்லை. ஓரிரு நாட்களுக்குள் ஒரு முதியவரின் நடையிலோ பேச்சிலோ சாப்பாட்டிலோ திடீரென மாற்றம் தெரிந்தால் அதை உடல்நோயின் அறிகுறி என்று எடுத்துக்கொள்வதே முறை. வீட்டில் வேறு யாருக்காவது சளியோ இருமலோ இருந்தால், அந்த நோய் ஃப்ளூவாக இருக்கக்கூடும் என்றும் முதலிலேயே நினைத்துப் பார்க்க வேண்டும்.

அம்மாவை மறுநாள் இரவு ஒரு தனியார் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். உடன் வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நடந்ததை என்னால் பார்க்க முடிந்தது. அரைகுறையாகக் கேட்கவும் முடிந்தது. இளம் செவிலியர் ஒருவர் குனிந்து, அன்பான குரலில், "ஊட்டா ஆய்த்தா அஜ்ஜி?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, "ஆய்த்தும்மா" என்றார். அம்மா இந்நகருக்கு வந்து 50 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சாப்பிட்டாயிற்றா என்று கன்னடத்தில் கேட்டால் ஆயிற்று என்று பதில் சொல்வது அவருக்கு மூச்சு விடுவதைப் போன்ற பழக்கம். உண்மையில் முந்தைய நாள் காலையிலிருந்து அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. அதன்பின் அவர் தமிழில் ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு என் கைக்கு வந்த தாளில், நோயாளி தெளிவான நினைவோடு இருக்கிறார், கேட்ட கேள்விக்குப் பொருத்தமாகப் பதில் சொல்கிறார் என்று எழுதியிருந்தது. அம்மா அப்போது தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது, வாசலில் மாடு நிற்கிறது, அதை விரட்டுங்கள் என்பதைத்தான்.

அந்தச் செவிலியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒருவரே அந்த நேரத்தில் ஆறேழு கட்டில்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். குறை அந்த முறையில் இருக்கிறது. நோயால் திடீரென உண்டாகும் மனக்குழப்பம், முதியவரின் உயிருக்குள்ள ஆபத்தை அளப்பதில் முதன்மையான அறிகுறிகளில் ஒன்று. நிமோனியாவின் தீவிரத்தைக் கணக்கிட உலகெங்கும் பயன்படுத்தும் கர்ப்-65 என்ற அளவுகோலில் உள்ள ஐந்து கூறுகளில் முதலாவது இந்தக் குழப்பம்தான். இரத்தத்தில் யூரியா கூடுதல், நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, குறைந்த இரத்த அழுத்தம், 65 வயதைக் கடந்திருத்தல் ஆகியவை மற்ற நான்கு. இங்கிலாந்தில் 2017இல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 என்ற செவிலியர் மதிப்பெண் முறையில், புதிதாக வந்த குழப்பம் என்ற ஒன்றுக்கே 3 மதிப்பெண் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே கூறில் 3 மதிப்பெண் வந்துவிட்டால் அந்த நோயாளியை அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்த மூன்று மதிப்பெண்ணும் அம்மாவின் தாளில் விழாமல் போனதற்குக் காரணம் மொழி.

பெங்களூரில் இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் எனத் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதிகளில் உள்ள முதியவர்கள் பெரும்பாலும் கன்னடம் பேசுவார்கள். கடைத்தெருவுக்கும் பேருந்துக்கும் வேண்டிய அளவு நன்றாகவே பேசுவார்கள். உடல் தளர்ந்து அறிவு கலங்கும் வேளையில் மனிதர் தாய்மொழிக்குத் திரும்பிவிடுகிறார். வார்டிலோ கேரளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வட கர்நாடகத்திலிருந்தும் வந்த செவிலியர்கள் இருக்கிறார்கள். பாட்டி என்ன பேசுகிறார் என்பது புரியாதபோது, பேச்சில் கோர்வை இருக்கிறதா இல்லையா என்பதை அவர்களால் எப்படிச் சொல்ல முடியும்? கலக்கத்தைக் கண்டறியப் பயன்படுத்தும் கேள்வித் தாள்களும் நம் முதியவர்களுக்குப் பொருந்துவதாக இல்லை. பிறந்த தேதி கேட்கிறார்கள். அந்தத் தலைமுறையில் பலருக்கு அது நோயில்லாத நாளிலும் தெரியாது. டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்லச் சொல்கிறார்கள். நான் பணியில் இருந்தபோது தமிழ்ப் பாட்டிகளிடம், இப்போது ஆடியா ஆவணியா என்று கேட்பேன். சனிக்கிழமையிலிருந்து பின்னோக்கிக் கிழமைகளைச் சொல்லச் சொல்வேன். சனி, வெள்ளி என்று தொடங்கி, பிறகு ஞாயிறு, திங்கள் என்று முன்னோக்கித் திரும்பிவிட்டால் எனக்கு விடை கிடைத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இதைக் கேட்கலாம். அரை நிமிடம் போதும்.

இதற்கு நான் கேட்கும் மாற்றம் மிகச் சிறியது. முதியவரைச் சேர்க்கும் தாளில் ஒரு வரி கூடுதலாக இருக்க வேண்டும்: இவர் வழக்கமாக எப்படி இருப்பார், அந்த நிலை எப்போது மாறியது, எந்த மொழியில் பேசுவார். அந்த வரியை நிரப்புவதற்காக, உடன் வந்தவர்களில் ஒருவரை ஐந்து நிமிடம் உள்ளே அனுமதிக்க வேண்டும். தொற்று பரவும் என்ற அச்சம் இருந்தால் அவருக்கு ஒரு முகக்கவசம் கொடுத்து அனுப்பலாம். எந்த எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் சொல்ல முடியாத ஒன்றை அவர் ஒருவரால்தான் சொல்ல முடியும்.

அடுத்து, மூச்சு. டி.பி.ஆர். சார்ட் என்று செவிலியர்கள் சொல்லும் தாளில் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். வெப்பத்தைத் தெர்மாமீட்டரும் நாடியை மானிட்டரும் சொல்லிவிடும். மூச்சை மனிதர்தான் எண்ண வேண்டும். எண்ணுவதற்கு ஒரு முழு நிமிடம் ஆகும். 40 கட்டில் உள்ள வார்டில் இரவுப் பணியில் இருப்பவருக்கு அந்த 40 நிமிடம் எங்கிருந்து கிடைக்கும்? எனவே எல்லாக் கட்டிலுக்கும் 20 என்று எழுதிவிடும் பழக்கம் பல இடங்களில் ஊறிப்போய்விட்டது. பயிற்சிக்கு வந்த மாணவிகளின் சார்ட்டில் வரிசையாக 20, 20, 20 என்று இருப்பதைப் பார்த்து நான் பலமுறை கடிந்துகொண்டிருக்கிறேன். பிறகு அவர்களை அழைத்துக்கொண்டு போய், கட்டிலருகில் நிற்க வைத்து எண்ணச் செய்திருக்கிறேன். அன்றிரவு அம்மாவின் தாளிலும் 20 என்றே இருந்தது. வார்டுக்கு மாற்றிய பிறகு நள்ளிரவில் நான் எண்ணினேன். 32 இருந்தது.

மூச்சை எண்ணும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதை வீட்டிலும் செய்யலாம். எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும். நாடி பார்ப்பதைப் போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பிலோ வயிற்றிலோ கிடக்கும் போர்வையின் ஏற்றத்தைக் கடிகாரத்தில் ஒரு முழு நிமிடம் பார்த்து எண்ண வேண்டும். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. ஓய்வாகப் படுத்திருக்கும் முதியவருக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். 21, 22 என்று வந்தால் சிறிது நேரம் கழித்து மீண்டும் எண்ணிப் பார்த்து, மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். 25ஐ எட்டினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 30 என்றால் 108ஐ அழைக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் சில மாத்திரைகள் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதால், நோய் முற்றும்போதும் நாடி உயராமல் இருந்துவிடும். மூச்சை அந்த மாத்திரைகள் அப்படி மறைப்பதில்லை.

கோவிடுக்குப் பிறகு பெரும்பாலான வீடுகளில் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அது நல்ல கருவிதான். ஆனால் விரல் சில்லிட்டிருந்தாலும், நகத்தில் சாயம் பூசியிருந்தாலும் அதன் எண் தவறலாம். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே அதற்குக் கீழ் இருக்கக்கூடும் என்பதால், அவர்களுடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு அந்த எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நேற்றைய எண் தெரிந்தவருக்குத்தான் இன்றைய எண்ணின் பொருள் விளங்கும் என்பது இதற்கும் பொருந்துகிறது.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரை, நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் சிறந்த பலன் தருகிறது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கு அதற்குப் பின்னரும் கொடுக்கிறார்கள் என்றாலும் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விலை உண்டு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் ஃப்ளூ நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கின்றன. லேசான காய்ச்சலும் இருமலும் உள்ள இளையவர் ஏ பிரிவு; அவருக்கு இந்த மாத்திரையும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம். அதே லேசான அறிகுறிகள் 65 வயதைக் கடந்தவருக்கு வந்தாலோ, இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் நோய்களும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு வந்தாலோ அவர்கள் பி பிரிவின் இரண்டாம் வகையில் சேர்கிறார்கள். ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறது அந்த வழிகாட்டுதல். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, அரைமயக்கம், இரத்த அழுத்தம் இறங்குதல், சளியில் இரத்தம், நகம் நீலமாதல் ஆகியவை சி பிரிவு. உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர்கள். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், காய்ச்சல் என்ற நுழைவாயில் வழியாகவே எல்லோரையும் உள்ளே விடுவதால், காய்ச்சல் தெரியாத முதியவர் எந்தப் பிரிவிலும் சேராமல் இருமல் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். அம்மாவுக்கு அந்த மாத்திரை கிடைத்தது நான்காம் நாளில். சிறுநீரகம் தளர்ந்திருந்ததால் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்க்காமல் முதியவருக்கு முழு அளவு கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அன்று இது. ஃப்ளூ வைரஸை எந்த ஆன்டிபயாட்டிக்கும் கொல்லாது என்பதையும் மருந்துக் கடைகளில் அசித்ரோமைசின் கேட்டு நிற்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூவால் கர்நாடகத்திலும் ஹரியானாவிலும் இறப்புகள் பதிவானபோது இந்திய மருத்துவ சங்கமே இந்தப் பழக்கத்தைக் கண்டித்து அறிவுறுத்தியது.

காய்ச்சல் இறங்கியதும் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணுவதும் தவறு. ஐந்தாறு நாளில் சற்றுத் தேறி, இட்லி கேட்டுச் சாப்பிட்ட தாத்தா, எட்டாம் நாள் மீண்டும் குளிர் நடுக்கத்தோடு படுத்துவிட்டால், வைரஸ் புண்படுத்திய நுரையீரலில் பாக்டீரியா குடியேறி நிமோனியாவாகியிருக்கலாம். இதயத்தையும் இந்நோய் தாக்குகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது கண்டறியப்பட்டது. ஆகவே ஃப்ளூவோடு படுத்திருக்கும் முதியவர் நெஞ்சை அழுத்துகிறது என்றோ, காரணமின்றி வியர்க்கிறது என்றோ சொன்னால், இருமி இருமி வந்த வலி என்று விட்டுவிடக் கூடாது.

வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் நிலையில் உள்ளவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஊட்டும் முறையைப் பற்றித்தான். சாப்பிடவில்லையே என்ற பாசத்தில், அரைத்தூக்கத்தில் படுத்திருப்பவரின் வாயில் கஞ்சியை ஊற்றுகிறார்கள். அது புரையேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் ஃப்ளூவோடு இன்னொரு நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும். நன்றாக விழித்திருக்கும்போது மட்டுமே ஊட்ட வேண்டும். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால் கொடுத்து, விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். காலையும் இரவும் பல்லையும் நாக்கையும் துடைத்துவிட வேண்டும். பல் செட் போட்டிருந்தால் கழற்றிக் கழுவ வேண்டும். வாயில் தங்கும் அழுக்குதான் நுரையீரலுக்கு இறங்குகிறது.

முதியவர்களுக்குத் தாகம் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆகவே கேட்கும்போது கொடுக்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. மோர், ரசம், கஞ்சித் தண்ணீர் என்று மணிக்கொரு முறை கால் தம்ளராவது கொடுத்து, சிறுநீர் எத்தனை முறை போனார், என்ன நிறம் என்று எழுதி வைக்க வேண்டும். இதய நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமாகப் போடும் சர்க்கரை மாத்திரையையும் நீர் மாத்திரையையும், சாப்பாடே இறங்காத நாளில் அப்படியே தொடர்ந்து கொடுத்தால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அபாயமாக இறங்கிவிடும். அதன் விளைவாக வரும் மயக்கத்தை ஃப்ளூவின் மயக்கம் என்று எண்ணி ஏமாறுவோரும் உண்டு. தொலைபேசியிலாவது மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். படுக்கையிலேயே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்து, இடுப்பு எலும்பு, குதிகால், புட்டம் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பைக் கண்டபின் அங்கே தேய்த்துவிடுவது பழைய வழக்கம். அது தோலை மேலும் கெடுக்கும். முடிந்தவரை நாற்காலியில் உட்கார வைப்பதும், கையைப் பிடித்து நாலு அடி நடத்துவதும் மருந்துக்குச் சமம். ஒரு வாரம் படுத்த முதியவரின் கால்கள் எவ்வளவு மெலிந்துவிடுகின்றன என்பதை நான் என் கைகளால் தொட்டு அறிந்திருக்கிறேன்.

ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் நோயாளியைத் தனிமைப்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அத்தகைய வீடுகளுக்குப் பலமுறை போயிருக்கிறேன். அங்கே செய்யக்கூடியது, முதியவரின் பாயை ஜன்னலுக்கு அருகில் போட்டு, குளிராக இருந்தாலும் ஜன்னலைச் சற்றுத் திறந்து வைப்பது. தலைமாட்டோடு தலைமாடு வைக்காமல் கால்மாட்டுப் பக்கமாகத் தலை வைத்து மற்றவர்கள் படுப்பது. அவரைக் கவனிக்க ஒருவரே பொறுப்பேற்று முகக்கவசத்தோடு அருகில் போவது. அதைவிட, சளி பிடித்த பிள்ளைகளை முதலிலேயே தாத்தா பாட்டியின் மடியிலிருந்து ஐந்தாறு நாள் விலக்கி வைப்பது மேல். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவர்கள் நோயைப் பரப்பத் தொடங்கிவிடுவதால், இதுவும் முழுக் காப்பாகாது.

அதனால்தான் தடுப்பூசி. ஃப்ளூ வைரஸ் ஓயாமல் உருமாறிக்கொண்டிருப்பதால் இது ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி. பலன் வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். நம் நாட்டில் ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு முறையும், மழைக்காலத்தை ஒட்டி மறுமுறையும் ஃப்ளூ கூடுகிறது என்பதால் மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. முதியவர்களுக்கு இது நோயே வராமல் காக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றுவதைக் குறைக்கும். ஆனால் முதியவர்களுக்கு இதை அரசு இலவசமாகப் போடும் திட்டம் இல்லாததால் தனியாரிடம் பணம் கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. முதியோர் உதவித்தொகையில் வாழும் ஒருவர் எப்படிப் போட்டுக்கொள்வார்? கர்நாடக அரசு, நகரெங்கும் உள்ள 'நம்ம கிளினிக்' என்ற அரசு மருத்துவ நிலையங்கள் வழியாக, 65 வயதைக் கடந்த நாட்பட்ட நோயாளிகளுக்காவது இதை இலவசமாகத் தர முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். உலக அளவில் ஃப்ளூவால் வரும் சுவாச நோய்களில் ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வளர்ந்த நாடுகளில் அப்படி இறப்பவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. மழைக்காலம் முடியும்வரை, வாரத்தில் ஒரு நாளாவது, முதியவர்களுக்கு ஃப்ளூ வரும்போது தோன்றும் மாற்றங்களைப் பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைக்கும் அளவில் இருக்கட்டும். அதன் அடியில் மூன்று கோடுகளை வெறுமையாக விடுங்கள்: நலமாக இருக்கும் நாளில் அவருடைய உடல் வெப்பம் எவ்வளவு, ஆக்சிஜன் அளவு எவ்வளவு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. வீட்டில் உள்ள பிள்ளைகளே அளந்து எழுதட்டும். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோகட்டும்.

அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாளும் வார்டில் ஒன்பது நாளும் இருந்துவிட்டு வீடு திரும்பினார். இப்போது அவருக்கு 82 வயது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். பால் வாங்க நான்தான் போகிறேன். அரை லிட்டர் இரண்டு, மறந்துவிடாதே என்று தினமும் சொல்லி அனுப்புகிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.